இரும்புத் தூளும் காந்த ஊசியும்



1820-ம் வருஷம் டென்மார்க் தேசத்துக் கோப்பன்ஹேகன் நகரில் எர்ஸ்டெட் என்னும் சாஸ்திரி ஒரு புதுமையைக் கண்டார். மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே வைத்த காந்த ஊசி, கம்பி தன்னைத் தொடாமலிருந்தும், வடதிசையை விட்டு விலகிற்று. அப்படியானால் கம்பியைச் சுற்றிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சக்தி இருக்கவேண்டுமல்லவா?

அதைக் கண்ணால் காண வழியுண்டு. ஓர் அட்டையைக் கிடையாகப் பிடித்து, நடுவில் துளையிட்டு, செம்புக் கம்பியைச் செங்குத்தாக நுழைத்து, அரத்தால் ராவிய இரும்புத் தூளைத் தூவி மின்சாரம் செலுத்துவார்கள். அட்டையை மெல்லத் தட்டினால் தூள் கம்பியைச் சூழ வட்டத்துக்குள் வட்டமாக வந்து நிற்கும். கம்பிக்கு அருகே வட்டங்கள் தெளிவாயிருக்கும். தூரம் இரட்டித்தால் சக்தி பாதியாகும். (இதற்குக் கனத்த மின்சாரம் வேண்டும். உபாத்தியாயர் செய்து காட்டட்டும். பிள்ளைகளை வீட்டு மின்சாரத்தில் கைவைக்க விடாதீர்கள்.)

ஆனால் தூள் சொல்லாதவை இரண்டுண்டு. மின்சாரத்தை எதிர்ப்பக்கமாகத் திருப்பினாலும் தூள் அதே வட்டத்தைத்தான் காட்டும். ஊசியோ உடனே எதிர்த்திசைக்குத் திரும்பும். இரண்டாவது, மின்சாரத்தை அடியோடு நிறுத்திவிடுங்கள். ஊசி பழையபடி வடக்கு நோக்கிப் போய்விடும். தூள் மட்டும் ஒன்றும் நடவாததுபோல் அழகான வட்டமாகவே கிடக்கும்!

உவமையை அளவுக்கு மீறி இழுக்க மாட்டேன். காந்தம் சிருஷ்டிப் பொருளின் சக்தி. தேவ இஷ்டப்பிரசாதத்தை எந்த ஊசியாலும் அளக்க முடியாது. ஆயினும் என் பயத்தைச் சொல்கிறேன். ஞாயிறு பூசை, கழுத்தில் உத்தரியம், திருநாளில் தேருக்குத் தோள் கொடுப்பது, இவையெல்லாம் நல்ல வட்டங்கள். வீட்டில் பெரியவர்கள் உயிரோட்டத்தோடு இட்ட வட்டங்கள். வரப்புத் தகராறில் கூடப்பிறந்தவனோடு மூன்று வருஷமாகப் பேசாமலே அந்த வட்டத்துக்குள் நாம் உட்கார்ந்திருக்கலாம். அயலாருடைய அட்டையை எட்டிப் பார்க்க வேண்டாம். உங்கள் ஊசியைப் பாருங்கள்.

ஊசி தடுமாறினால் எல்லாம் போயிற்று என்றும் எண்ணாதீர்கள். எர்ஸ்டெட் கண்டதைக் கேள்விப்பட்டதும், அந்தச் சக்தியைக் கணக்கில் அடக்கியவர் பிரான்ஸ் தேசத்து ஆம்பியர். மின்சார அளவுக்கு இன்று வழங்குவது அவர் பெயரே. அவர் கத்தோலிக்கர். 1793-ல் தகப்பனாரைப் புரட்சிக்காரர் சிரச்சேதம் செய்தார்கள். 1803-ல் இளம் மனைவியை இழந்தார். விசுவாசத்தில் கடுஞ்சந்தேகம் பட்டு, பிறகு திரும்பி வந்தார். பாரீஸில் அவர் வீட்டில் தங்கிப் படித்த ஓர் இளைஞர்தான் ஓசானாம்; 1833-ல் நண்பர்களோடு அர்ச். வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கியவர்.

வருகிற சனிக்கிழமை மாலை 5 மணி முதல் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருப்பேன். பல வருஷமாக வராதவர்கள் ஆறு மணிக்குமேல் வந்தால் கூட்டம் குறைவாயிருக்கும்; நிதானமாகப் பேசலாம்.