பழுதும் பழியும்

சென்ற ஆண்டு எமது அளவெட்டியில் நிகழ்ந்த மிகச் சாதாரணமான சம்பவம் ஒன்றே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். புதிதாகப் பூட்டப்பட்ட கணினி ஒன்று இயங்க மறுத்தது. ஆயினும், அந்த இயந்திரத்தைச் சுற்றி நின்ற மனிதர்கள் நடந்துகொண்ட முறையையும், அவர்களுள் ஒருவனாக நின்ற நான் எண்ணியவற்றையும் பின்னர் அசைபோட்டுப் பார்த்தபோது, ஆசிரியத் தொழில் செய்யும் எவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியொன்று அதனுள் அடங்கியிருப்பதை உணர்ந்தேன்.

எங்கள் ஒழுங்கையில் உயர்தர வகுப்பில் தொழில்நுட்பவியல் பயிலும் மாணவன் ஒருவன் இருக்கிறான். கனடாவிலுள்ள தாய்மாமன் அனுப்பிய பணத்தில் அவனுக்குக் கணினி வாங்குவதென முடிவாயிற்று. கடையில் பூட்டியதை வாங்காமல், பாகங்களைத் தனித்தனியே வாங்கித் தானே பூட்டினால் செலவும் குறையும், கல்வியும் கிடைக்கும் என அவன் எண்ணினான். இரண்டு நாள் இருந்து பூட்டினான். மூன்றாம் நாள் மாலை, வீட்டார் அனைவரும் கூடிநிற்க, ஆளியை அழுத்தினான். விசிறிகள் சுழன்றன. சிறு விளக்குகள் எரிந்தன. திரையோ இருண்டே கிடந்தது.

தகப்பனார் உடனே தீர்ப்பளித்தார்: “நான் அப்பவே சொன்னனான், கடையிலை பூட்டி வேண்டுவம் எண்டு.” கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தபோது, “போட் எரிஞ்சிருக்கும் தம்பி. நீங்கள் பூட்டினதுக்கு நாங்கள் பொறுப்பில்லை” என்றார். அயல்வீட்டு மூதாட்டி, அட்டமியில் தொடங்கிய காரியம் எங்கே தேறும் என்றார். பையனோ, கடைக்காரர் பழுதான பாகத்தைத் தலையில் கட்டிவிட்டார் என்று மனம் புழுங்கினான். நான் வாய் திறக்கவில்லை. ஆனால் ‘இவன் எப்போதும் அவசரக்காரன்’ என்று எண்ணிக்கொண்டேன். தீர்ப்புகள் ஐந்து, சோதனை ஒன்றுகூட இல்லை. பெட்டியின் மூடியை ஒருவரும் கழற்றிப் பார்க்கவில்லை.

இவ்வைந்து தீர்ப்புகளையும் உற்று நோக்கினால் அவற்றிடையே ஒரு பொதுத்தன்மை புலப்படும். ‘இது ஏன் இயங்கவில்லை?’ என்ற வினாவுக்கு எவரும் விடை தேடவில்லை. ‘இதற்கு யார் குற்றவாளி?’ என்ற வேறொரு வினாவுக்கே எல்லோரும் விடை கூறினர். முன்னது பழுதைப் பற்றிய வினா. பின்னது பழியைப் பற்றிய வினா. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைப்பது நமது சமுதாயத்தில் எத்துணை இயல்பாகிவிட்டதெனில், அவ்வாறு வைத்துவிட்டோம் என்பதுகூட நமக்குத் தெரிவதில்லை.

எனினும் இவ்வழக்கம் எமது மண்ணுக்கே உரிய நோய் என்று கூறுவது அநீதியாகும். இது நாதசுர வித்துவான் என். கே. பத்மநாதனும் தவில் வித்துவான் தெட்சணாமூர்த்தியும் வாழ்ந்த ஊர். நாதசுரத்தில் ஓசை பிசகினால் கலைஞன் குழலைப் பழிப்பதில்லை. முதலில் சீவாளியைப் பார்க்கிறான். நாவால் நனைத்துப் பார்க்கிறான். சரிவராவிடில் வேறொன்றைச் செருகிப் பார்க்கிறான். மிக மலிவானதும் மிக எளிதில் கெடுவதுமான உறுப்பை முதலில் ஐயுறு. விலையுயர்ந்ததை இறுதியில் ஐயுறு என்ற விதி அவனுக்குக் கைப்பழக்கத்திலேயே உண்டு. வள்ளுவரும் மருந்து அதிகாரத்தில், நோயை அறிதல், அதன் முதற்காரணத்தை அறிதல், தணிக்கும் வழியை அறிதல் என்று வரிசைப்படுத்திய பின்னரே செயலைக் கூறுகிறார். குறைபாடு மரபில் இல்லை. மரபின் இப்பகுதியை நாம் தொழிலாளியின் கையோடு விட்டுவிட்டு, தீர்ப்புக் கூறும் பகுதியை மட்டும் படித்தவர்கள் எடுத்துக்கொண்டதில் இருக்கிறது.

மறுநாள் மாலை பையன் ஒரு கொப்பியோடு என்னிடம் வந்தான். தமிழ் படித்த எனக்குக் கணினியின் உள்ளுறுப்புகள் பற்றி அதிகம் தெரியாது. ரோச் லைற்றைப் பிடித்துக்கொண்டிருப்பதே எனது பணியாயிற்று. அவன் செய்த சோதனையை வாசகர்கள் அறிதல் நன்று.

வன்தட்டு, மேலதிக விசிறிகள் ஆகியவற்றை முதலில் கழற்றி வைத்தான். இன்றியமையாத உறுப்புகள் மட்டும் எஞ்சின. மின்வழங்கி, ‘மதர்போட்’ எனப்படும் தாய்ப்பலகை, கணிப்பைச் செய்யும் புறொசெசர், ‘றாம்’ எனப்படும் நினைவகம் ஆகியனவே அவை. பின்னர் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினான். ஒவ்வொரு மாற்றத்தின் விளைவையும் கொப்பியில் எழுதினான். இரண்டை ஒருங்கே மாற்றினால், விளைவு எதனால் வந்ததென்று சொல்ல முடியாதல்லவா? ஜோன் ஸ்டுவர்ட் மில் 1843 இல் வெளியிட்ட தருக்க நூலில் வேற்றுமை முறை என்று விளக்கியதும் இதுவே. ஏனைய யாவும் ஒத்திருக்க ஒன்று மட்டும் வேறுபட்டு, விளைவும் வேறுபடுமாயின், காரணம் அவ்வொன்றிலேயே தங்கியிருக்கிறது. பதினேழு வயதுப் பையன் மில்லைப் படித்ததில்லை. இயந்திரம் அவனுக்கு அதைக் கற்பித்துக்கொண்டிருந்தது.

கணினி ஒவ்வொரு முறை விழித்தெழும்போதும் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும். 1981 இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட சொந்தக் கணினியிலேயே இவ்வேற்பாடு இருந்தது. நினைவகம் பழுதெனில், அல்லது திரைக்குரிய உறுப்புப் பழுதெனில், பலகையோடு இணைத்த சிறிய ஒலிபெருக்கி வழியாகக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ‘பீப்’ ஒலியெழுப்பிக் குறையை அறிவிக்கும். பையன் வேண்டுமென்றே றாமைக் கழற்றிவிட்டு ஆளியை அழுத்தினான். நலமுள்ள இயந்திரமாயின் ‘எனக்கு நினைவகம் இல்லை’ என்று அது முறையிட்டிருக்க வேண்டும். முறையீடும் இல்லை, மௌனமே தொடர்ந்தது.

கடைக்காரரின் தீர்ப்பு உறுதியாகிவிட்டதென்றே நான் எண்ணினேன். தகப்பனார் புதிய தாய்ப்பலகைக்குப் பணம் புரட்டுவது பற்றிப் பேசத் தொடங்கினார். பையன் மட்டும் தயங்கினான். “சேர், செக் பண்றதே புறொசெசர்தானே. அதுக்குக் கரண்ட் போகாட்டி அது எப்பிடிச் சொல்லும்?” என்றான். மீண்டும் மின்வழங்கியிலிருந்து வரும் வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பின்தொடர்ந்தான். பலகைக்குரிய இருபத்துநான்கு முனைச் செருகி உறுதியாக இருந்தது. விசிறிகள் சுழன்றதும் விளக்குகள் எரிந்ததும் அதனால்தான். ஆனால் புறொசெசருக்குத் தனியாக மின்னூட்டும் வழியொன்று உண்டு. பலகையின் மேல்மூலையில், விசிறியின் மறைவில், எட்டுத் துளைகள் கொண்ட சிறு பொருத்துவாய் வெறுமையாகக் கிடந்தது. அதற்குரிய வயர் பெட்டியின் பின்புறத்தில் மடிந்து தொங்கியது. எடுத்துச் செருகினான். திரை ஒளிர்ந்தது.

இந்த இடத்தில் சற்று நிற்போம். அந்த உறுப்பு இறந்ததென்று நாம் நம்பியதற்கு ஆதாரம் அதன் மௌனம். ஆனால் பேசுவதற்கு வேண்டிய வலுவே அதற்குச் சென்று சேரவில்லை. தன் குறையை எடுத்துச் சொல்லும் பொறியும் அந்தக் குறையினாலேயே முடங்கிக் கிடந்தது. எனவே, மௌனம் பழுதுக்குச் சான்றாகாது. வேண்டியது சென்று சேர்ந்ததா என்று சோதிக்காதவன் ‘இது பழுது’ என்று கூறும் உரிமையற்றவன்.

கணினிகளை முதன்முதல் ஆக்கியோர் இப்பாடத்தைத் தம் சொந்த அனுபவத்திலேயே கற்றனர். 1947 செப்ரெம்பர் 9 ஆம் நாள், அமெரிக்காவின் ஹார்வர்ட் மார்க் இரண்டு என்னும் கணிப்பொறியின் உள்ளே அகப்பட்ட விட்டிற்பூச்சியொன்றை எடுத்து, பணிக்குறிப்பேட்டிலேயே ஒட்டிவைத்தனர். அவர்கள் தேடியது குற்றவாளியை அன்று; காரணத்தை. கேம்பிரிட்ஜில் 1949 மே மாதம் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினியை உருவாக்கிய மொரிஸ் வில்க்ஸ், தமது எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதி தாம் எழுதும் நிரல்களிலுள்ள தமது பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறதென்று அந்நாளில் உணர்ந்ததைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். கற்றவனுக்கு இதைவிட நல்ல ஒப்புதல் உண்டோ?

இனி நான் சொல்லத் தயங்கும் பகுதிக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எனது வகுப்பில் பின்வரிசையில் ஒரு மாணவி இருந்தாள். கேட்டால் விடை சொல்லமாட்டாள். கரும்பலகையில் எழுதியதைப் பிழைபட எழுதுவாள். சில வேளை எழுதவேமாட்டாள். மூன்று தவணைகளிலும் அவளுடைய தேர்ச்சி அறிக்கையில் ‘கவனமின்மை, முயற்சி போதாது’ என்று எழுதினேன். எழுத்து அழகாகவே இருந்தது. சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறி, அவள் படிப்பை நிறுத்தினாள். ஈராண்டு கழித்துப் பஸ்ஸில் சந்தித்தபோது ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்வதாகக் கூறினாள். மூக்குக்கண்ணாடி அணிந்திருந்தாள். நான் அதைக் கவனிப்பதைக் கண்டு சிரித்தாள்.

“வேலைக்குச் சேரேக்கை கண் பாத்தவை சேர். அப்பதான் கண்ணாடி போடச் சொன்னவை. பள்ளிக்கூடத்திலை எல்லாருக்கும் போட் அப்பிடித்தான் தெரியும் எண்டு நினைச்சிருந்தனான்.”

அவள் முறையிடவில்லை என்பது உண்மை. முறையிடுவதற்கு, தனக்குக் குறையுண்டு என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே! மற்றோர் கண்கள் எவ்வாறு காண்கின்றன என்பதை எந்தக் கண்ணால் அவள் அறிவாள்? மூன்று தவணைகளுள் ஒரு நாள், அவளை முன்வரிசைக்கு மாற்றி இருத்திப் பார்த்திருந்தால் போதும். மாற்றுவதற்கு ஒரேயொரு கதிரை. செலவு ஒரு சதமும் இல்லை. நான் செய்யவில்லை. துணி தைக்க ஆள் வேண்டியவன் அவள் கண்ணைச் சோதித்தான். கல்வி புகட்டச் சம்பளம் பெற்ற நான் சோதிக்கவில்லை. ஒளிர்ந்த திரையின் முன் அன்று மாலை நின்றபோது எனக்கு நினைவு வந்தது அந்தச் சிரிப்புத்தான்.

1990களின் முற்பகுதியில் குடாநாடு ஆண்டுக்கணக்காக மின்சாரமின்றி இருந்தது. ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறையின் தம்பிதங்கையர் நாம். வலு சென்று சேராமை என்றால் என்னவென்று பிறர் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. இருந்தும், ஆசிரியர் அறையில் அமர்ந்தவுடன் ‘உதவாதது’, ‘மண்டையில் ஏறாது’ என்ற சொற்கள் எத்துணை எளிதாக நம் நாவில் வந்துவிடுகின்றன!

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். எல்லாவற்றுக்கும் காரணம் தேடினால், எவரும் எதற்கும் பொறுப்பில்லை என்றாகாதா? சூழ்நிலையின் மீது யாவற்றையும் சுமத்திவிட்டு மனிதன் தப்பித்துக்கொள்ள மாட்டானா? இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. சில பாகங்கள் உண்மையிலேயே பழுதானவை. சில பிழைகள் உண்மையிலேயே நம் கையால் நேர்ந்தவை. அந்த வயரைச் செருக மறந்தவன் பையனே. தகப்பனாரின் தீர்ப்பு ஒருவகையில் சரியாகவும் போயிற்று!

ஆனால் நடந்ததைப் பாருங்கள். திரை ஒளிர்ந்ததும் அவன் கொப்பியில் ‘வயர் செருகவில்லை, என் பிழை’ என்று எழுதினான். பின்னர் கடைக்காரரை அழைத்து, அவர் பாகத்தில் பழுதில்லை என்று தானாகவே சொன்னான். முதல்நாள் பழி சூழ்ந்து நின்றபோது கடைக்காரரைக் குற்றம் சாட்டியவனும் இவனேயன்றோ! பழி அவனைத் தற்காப்புக்குத் தள்ளியது. காரணம் தெரிந்ததும் பொறுப்பை அவனே ஏற்றான். தண்டனைக்கு அஞ்சுமிடத்தில் பழுது மறைக்கப்படும். மறைக்கப்பட்ட பழுது திருத்தப்படுவதில்லை. ஆகவே காரணத்தைத் தேடுவது பொறுப்பை அழிப்பதன்று. அதனை உரிய இடத்தில் கொண்டுபோய் வைப்பதாகும்.

நாட்டின் நிலையிலும் இது பொருந்தும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. எரிபொருள் வரிசைகளில் நின்ற ஏழைகள் ஒருவரையொருவர் திட்டினர். எரிபொருள் நிலையத்து ஊழியனைத் தாக்கவும் முனைந்தனர். அன்று எண்ணெய்க்குக் கொடுக்க அந்நியச் செலாவணி இல்லை என்பதே காரணம். அதற்கும் பின்னால் பல்லாண்டுக் கடனும் 2019 இறுதியில் அளிக்கப்பட்ட வரிச்சலுகைகளும் நின்றன. இக்காரணத் தொடரை ஆராய்ந்ததனால்தான், 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், அன்றைய ஆட்சித் தலைவர்கள் சிலரும் நிதித்துறை உயரதிகாரிகளும் மக்களின் நம்பிக்கையை மீறினர் என்று தீர்ப்பளிக்க முடிந்தது. வரிசையில் அயலவன்மீது வீசப்பட்ட பழி எந்த விளக்கையும் ஏற்றவில்லை. அது உண்மையான பொறுப்பாளிகளுக்கு மறைப்பாக நின்றது.

பழி எப்போதும் கீழ்நோக்கி வழிந்தோடும் இயல்புடையது. தகப்பனிடமிருந்து மகனுக்கு, ஆசிரியனிடமிருந்து மாணவிக்கு, அதிகாரியிடமிருந்து ஊழியனுக்கு. ஆராய்ச்சியோ வயரைப் பற்றிக்கொண்டு மேல்நோக்கிச் செல்ல வேண்டியது. வலு எங்கிருந்து வருகிறதோ, எவ்விடத்தில் அறுந்ததோ, அதுவரை செல்ல வேண்டியது. ஆதிக்கத்திலுள்ளோர் பழியை விரும்புவதும் ஆராய்ச்சியை வெறுப்பதும் இதனாலேயே.

வகுப்பறையில் நாளை என்ன செய்வது என்பதே நம் முன்னுள்ள வினா. நான் ஒரு சிறு விதியை வைத்துக்கொண்டிருக்கிறேன். ‘முயற்சி போதாது’ என்று எழுதுமுன், அந்தப் பிள்ளை தொடர்பாக ஒன்றையேனும் மாற்றிப் பார்க்க வேண்டும்: இருக்கும் இடத்தை, கேட்கும் முறையை, வீட்டுக்குச் சென்று விசாரிக்கும் நேரத்தை. மாற்றியதையும் விளைவையும் கொப்பியில் எழுத வேண்டும். இவ்வாண்டு இதுவரை பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதியிருக்கிறேன். நால்வரில் மாற்றம் தெரிகிறது. எழுவரில் இன்னும் காரணம் அகப்படவில்லை. அகப்படவில்லை என்றுதான் எழுதியிருக்கிறேன். இல்லை என்று எழுதவில்லை.

அந்த மாணவியின் பழைய அறிக்கை அவள் வீட்டில் எங்கோ இருக்கும். அதிலுள்ள எனது கையெழுத்தை இனி அழிக்க இயலாது. அந்த வாக்கியம் இன்னொரு முறை என் பேனாவிலிருந்து சோதனையின்றி வெளிவராமல் காப்பது மட்டுமே எனக்கு எஞ்சியுள்ள பொறுப்பு.