எல்லாருக்கும் இரட்சிப்பு என்றால், அவனுக்குமா?

1938 டிசம்பரில் சர்வதேச மிஷனரி மன்றம் தாம்பரத்தில், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கூடியது. சீனாவில் நடக்கவிருந்த மாநாடு, ஜப்பான் அங்கே போர் தொடுத்ததால் இங்கே வந்தது. அதற்கென்றே ஹாலந்து அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் தடித்த புத்தகம் ஒன்று எழுதியிருந்தார். கிறிஸ்துவில் கடவுள் தன்னை வெளிப்படுத்தியது ஒன்று, மனிதர்களின் மதங்கள் வேறு, நடுவே பாலம் கிடையாது என்பது அவர் வாதம். சென்னையின் சென்சய்யா, தொழிற்சங்கத் தலைவர் சக்கரைச் செட்டியார் முதலான கிறித்தவர்கள் இதை ஏற்கவில்லை. தங்கள் இந்து மரபை அப்படி வெட்டியெறிய முடியாது என்றார்கள்.

அவர்கள் பேசியது மதங்களின் தகுதியைப் பற்றி. அதே பேச்சு பம்மலிலோ சேலையூரிலோ ஒரு வீட்டுக்குள் வரும்போது கேள்வி மாறிவிடுகிறது: கடைசிவரை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிய என் அம்மா இப்போது எங்கே? குடும்பத்தில் முதலில் சபைக்குப் போகிறவள், நான் பார்த்தவரை, பெரும்பாலும் பெண்தான். கணவன், மாமியார், பிள்ளைகள் எல்லாருக்காகவும் அவளே உபவாசம் இருக்கிறாள். 'ஆத்தும பாரம்' என்று அதற்குப் பெயர். சமையல், தண்ணீர்க் குடம், வட்டிக் கடன், இவற்றோடு மற்றவர்களின் நித்தியமும் அவள் தலையில். ஒருவர் தவறினாலும் அவள் ஜெபம் போதவில்லை என்றாகிவிடும். எல்லா ஆத்துமாவும் ஒருநாள் இரட்சிக்கப்படும் என்ற பழைய நம்பிக்கை அந்தத் தலைச்சுமையை இறக்கிவைக்கிறது. எனக்கு அது பிடித்ததே அதனால்தான்.

ஆனால் அடிக்கிற கணவன்? அவனுமா? "மன்னிச்சிடும்மா" என்று போதகர் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய பெண்ணுக்கு, எல்லாருக்கும் மோட்சம் என்பது இன்னொரு கட்டப்பஞ்சாயத்துத் தீர்ப்பாகத்தான் கேட்கும்.

இங்கே எனக்கு உதவுகிறவள் மக்ரீனா. இன்றைய துருக்கியில் வாழ்ந்து 379இல் இறந்தவள். அவள் மரணப்படுக்கையில் பேசியதாகத் தம்பி கிரிகோரி எழுதிய உரையாடலில் அவளே ஆசிரியை. பிஷப்பான தம்பி மாணவன். முடிவில் எல்லாரும் கடவுளிடம் திரும்புவார்கள் என்கிறாள், ஆனால் சும்மா இல்லை. சேறு காய்ந்து அப்பிய கயிற்றைச் சிறு துளை வழியே இழுத்தால் சேறு உரியும். கயிறு படாத பாடு படும். தீமை எவ்வளவோ வலியும் அவ்வளவு. கடன் கடைசிக் காசுவரை தீரவேண்டும்.

முடிவில்லாமல் எரியும் நரகத்தைவிட இதில்தான் அவன் செய்தது ஒவ்வொன்றாகக் கணக்குக்கு வருகிறது என்று எனக்குப் படுகிறது. சும்மா எரிகிறவன் மாறவேண்டியதில்லை. இழுபடுகிறவன் மாறியாக வேண்டும்.

ஒன்று மட்டும் போதவில்லை. கயிற்றைப் பற்றி இவ்வளவு சொன்னவள், அந்தக் கயிற்றால் அடிபட்டவளைப் பற்றி அங்கே பேசவில்லை. அவன் சுத்தமாகி வந்தபிறகும் அவனோடு ஒரே பந்தியில் உட்கார அவளுக்கு மனம் வராவிட்டால்? கடவுள் அவளுக்காகவும் காத்திருப்பார் என்றே நினைக்கிறேன். போதகருக்கு ஏன் அவ்வளவு அவசரம்?