சேமிப்பும் சேமிப்பவனும்

ஒரே மடிக்கணினியில் எஸ்.எஸ்.டி.யும் ஹார்ட் டிஸ்க்கும் இருந்தால், எதை எங்கே வைப்பது என்ற கேள்வி முதல் நாளே வந்துவிடும். இத்தகைய கணினிகளில் பெரும்பாலும் எஸ்.எஸ்.டி. 256 ஜிபி, ஹார்ட் டிஸ்க் 1 டிபி. ஹார்ட் டிஸ்க்கின் தகடு பொதுவாக நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 11 மில்லி விநாடி. கேட்ட இடம் படிக்கும் முனைக்கு நேராக வரும்வரை காத்திருக்க வேண்டும். முனை நகரும் நேரம் அதற்கு மேல். எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதும் நகர்வதும் இல்லை, சிலிக்கன் அறைகளில் அடைபட்ட மின்னூட்டமே அங்கே எழுத்து. ஹார்ட் டிஸ்க் ஒன்றைத் தேடி எடுக்கும் நேரத்தில் எஸ்.எஸ்.டி. நூறைத் தேடி எடுத்துவிடும்.

அதனால் விண்டோஸ், அன்றாடம் திறக்கும் மென்பொருள்கள், கையில் நடக்கும் வேலை ஆகியவை எஸ்.எஸ்.டி.யில் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் ஹார்ட் டிஸ்க்குக்கு. அருப்புக்கோட்டை போன்ற ஊரில் கல்யாண ஸ்டுடியோ நடத்துபவருக்கு இது பழகிய முறை. வைகாசி முகூர்த்தத்தில் எடுத்த வீடியோ எடிட்டிங் முடியும்வரை சி டிரைவில் இருக்கும். ஆல்பம் கைமாறியதும் அந்த ஃபோல்டர் டி டிரைவுக்குப் போகும். சில வருஷம் கழித்து, காலமாகிவிட்ட தாத்தா மணமேடையில் ஆசீர்வதித்த போட்டோ வேண்டும் என்று அந்த வீட்டார் வந்து நிற்கும்போது அது மறுபடி மேலே வரும். எஸ்.எஸ்.டி.யை முட்ட நிரப்பக் கூடாது. எழுதியதன் மேலேயே எழுத அதனால் முடியாது. ஒரு தொகுதியை மொத்தமாக அழித்துவிட்டே புதிதாக எழுதும், அதற்குக் காலி இடம் வேண்டும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டாவது டிரைவ் காப்புப் பிரதி ஆகாது. கணினி களவு போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

அழிப்பதிலும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஃபைலை டெலீட் செய்தால் அட்டவணையிலிருந்து பெயர்தான் போகிறது. மேலே வேறொன்று எழுதப்படும்வரை உள்ளடக்கம் தகட்டிலேயே கிடக்கும், மீட்கவும் முடியும். எஸ்.எஸ்.டி.யிலோ, இந்த இடம் இனி வேண்டாம் என்ற செய்தி உள்ளே போனதும், அது தன் ஓய்வு நேரத்தில் அந்த அறைகளைத் துடைத்துவிடுகிறது. மீட்பது பெரும்பாலும் நடக்காது. பெயர் போவது வேறு, பொருள் போவது வேறு.

இந்த வேறுபாடு சைவ சித்தாந்தத்துக்குப் புதிதல்ல. கண்முன் இல்லாதது எங்கே இருக்கிறது, எதனால் திரும்பி வருகிறது, வைத்திருப்பவன் யார் என்பவை அது நெடுங்காலம் வாதித்த கேள்விகள். அருப்புக்கோட்டைக்குத் தெற்கே, குண்டாற்றங்கரையில் உள்ள திருச்சுழி சுந்தரர் பாடிய தலம். பாண்டிநாட்டுப் பாடல் பெற்ற 14 தலங்களுள் ஒன்று. அங்கே திருமேனிநாதர் கோயிலுக்கு அருகிலுள்ள வீட்டில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வேங்கடராமன்தான் பின்னாளில் ரமண மகரிஷி. அதே கேள்விகளுக்கு அவர் வேறொரு திசையிலிருந்து விடை சொன்னார்.

சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது. பல பிறவிகளில் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இந்தப் பிறவியில் அனுபவிக்க எடுத்துக் கொடுக்கப்பட்டது பிராரத்தம். அனுபவிக்கும்போதே புதிதாக ஏறுவது ஆகாமியம். பெரிய கிடங்கும் நடப்பு வேலையும் புதிய பதிவும் இங்கே தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. ஆனால் கணினியில் எதை மேலே கொண்டுவருவது என்று உரியவரே முடிவு செய்கிறார். வினையில் அந்த உரிமை உயிருக்கு இல்லை. வினை அறிவற்ற சடம், தானாக வந்து பற்றாது; இறைவனே கூட்டுவிக்கிறான் என்பது சித்தாந்தத்தின் உறுதியான நிலை. ராமநாதபுரத்துக்காரரான அடியவர் முருகனார் வேண்ட 1927இல் ரமணர் இயற்றிய உபதேச உந்தியாரும், வினை சடம், பயனைத் தருபவன் கர்த்தா என்ற இடத்திலிருந்தே தொடங்குகிறது.

நினைவைப் பற்றிய சித்தாந்தக் கணக்கு இதைவிட நுட்பமானது. விழிப்பில் 35 கருவிகள் தொழிற்படும்; கனவில் 25; ஆழ்ந்த உறக்கத்தில் பிராணன், சித்தம், புருடன் என மூன்று மட்டும். மனமும் புத்தியும் அகங்காரமும் ஒடுங்கிய பிறகும், நினைவைத் தாங்கும் சித்தம் ஒடுங்குவதில்லை. விழித்தவன் நேற்றைய வேலையை விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறதே, அதற்கு இங்கே விளக்கம் கிடைக்கிறது. மாயையிலிருந்து தோன்றியதால் சித்தமும் சடமே. அந்த வகையில் மனித நினைவும் சிலிக்கன் அறையும் ஒரே பக்கத்தில்தான் நிற்கின்றன. நினைவை இயந்திரத்திடம் ஒப்படைத்ததால் மனிதத்தன்மை குறைந்துபோனது என்ற கவலைக்குச் சித்தாந்தத்தில் இடமில்லை. நினைவு என்றுமே உயிரின் இயல்பு அல்ல, கருவிதான். ஆனால் அறிகின்ற உயிர் கருவிகளில் எதுவும் அல்ல. இந்த எல்லையைத் தாண்டி எந்த ஒப்புமையும் செல்லாது.

ரமணர் இந்த எண்ணிக்கைகளில் நிற்கவில்லை. 1896 ஜூலையில், 16 வயதில், மதுரையில் சிற்றப்பா வீட்டில் திடீரென்று மரண பயம் பிடித்தபோது அவர் ஆராய்ந்தது ஒன்றைத்தான்: உடல் செத்தால் சாவது யார்? 1901-02இல் அடியவர் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்குச் சொன்ன விடைகளிலிருந்து உருவான ‘நான் யார்?’ நூலில், குப்பையைக் கூட்டித் தள்ளப்போகிறவன் அதைக் கிளறி வகைபிரிப்பதில் பயனில்லை, ஆன்மாவை மறைக்கும் தத்துவங்களை எண்ணுவதும் அப்படியே என்கிறார். ஸ்டுடியோக்காரருக்கு இந்த அறிவுரை உதவாது; அவர் வகைபிரித்தே ஆக வேண்டும், ஏனெனில் அவர் காப்பது பிறருடைய நினைவு. ரமணர் பேசுவது தன்னைத் தேடுகிறவனிடம். அவனுக்கு, மனத்தில் படிந்த வாசனைகள் எத்தனை, எந்த அடுக்கில் உள்ளன என்பது பொருட்டல்ல. ஒவ்வொன்றும் எழும் இடத்திலேயே, இது யாருக்கு எழுந்தது என்று கேட்டால் போதும்.

முடிவில் இரு வழிகளும் ஓரிடத்தில் பிரிகின்றன. ஞானம் வாய்த்தவனுக்குச் சஞ்சிதம் குருவின் தீக்கையால் எரிந்துபோகும், ஆகாமியம் ஏறாது, பிராரத்தம் மட்டும் உடல் உள்ளவரை இருந்து கழியும் என்பது சித்தாந்தம். ‘உள்ளது நாற்பது அனுபந்தம்’ நூலில் ரமணர் இதை ஏற்கவில்லை. ஞானிக்குப் பிராரத்தம் மிஞ்சுகிறது என்பது பிறர் கேட்கும் கேள்விக்காகச் சொன்ன விடைதான். வினை செய்பவன் போனபின் மூன்று வினைகளில் ஒன்று மட்டும் தனித்து நிற்க வழியில்லை என்கிறார். பெயர் மட்டும் நீங்கி உள்ளடக்கம் கிடப்பதை அவர் விடுதலை என்று ஒப்பவில்லை. உள்ளடக்கம் நீங்கி உரியவன் மிஞ்சுவதையும் ஒப்பவில்லை.