இன்னும் வந்து சேராதவர்கள்

2024 தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை. ஃபேர்ஃபீல்டில் நாங்கள் காய்கறி வாங்கும் கடை வாசலில் ஒரு பெண் கையில் அட்டையும் பேனாவுமாக நின்றிருந்தார். சொலானோ கவுண்டியில் ஓட்டு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, விசாவில் இருக்கிறேன் என்றேன். சிரித்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். வண்டியில் சாமான்களை ஏற்றும்போது மனைவி சொன்னாள்: "புது ஊர் கட்டப் போறாங்கல்ல, அதுக்குத்தான் கையெழுத்து வாங்கறாங்க. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு வீடு கிடைக்குமாம்."

அன்றிலிருந்து இது மனசில் கிடக்கிறது. ஒரு ஊர் வரலாமா, கூடாதா என்று எல்லோரிடமும் கேட்கிறார்கள். அந்த ஊரில் குடியேறக்கூடியவனிடம் கேட்பதற்கு மட்டும் வழியில்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. சொலானோ கவுண்டி சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் சாக்ரமெண்டோவுக்கும் நடுவில் இருக்கிறது. கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. ஆனால் கலெக்டர் கிடையாது. மக்கள் தேர்ந்தெடுக்கும் ஐந்து பேர் கொண்ட மன்றம்தான் எல்லாம். கிழக்குப் பக்கம் பெரும்பாலும் மேய்ச்சல் நிலம். 12-ஆம் எண் நெடுஞ்சாலையில் ரியோ விஸ்டாவை நோக்கிப் போனால், மழை முடிந்து கொஞ்ச நாள் பச்சை, அதற்குப் பிறகு மாதக்கணக்கில் வைக்கோல் நிறம். செம்மறி ஆடுகள், மானாவாரி கோதுமை, மாண்டெசூமா குன்றுகளில் காற்றாலைகள். தலைக்கு மேலே டிராவிஸ் விமானப்படைத் தளத்தின் பெரிய சரக்கு விமானங்கள். இவ்வளவு மெதுவாகப் போனால் விழுந்துவிடாதா என்று தோன்றும். முதன்முதலில் பார்த்தபோது 'சும்மா கிடக்கிற நிலம்' என்றுதான் நினைத்தேன். அந்தச் 'சும்மா'வுக்குப் பிறகு வருகிறேன்.

2018 வாக்கில் ஃபிளானரி அசோசியேட்ஸ் என்றொரு நிறுவனம் இங்கே நிலம் வாங்கத் தொடங்கியது. சந்தை விலையைவிடப் பல மடங்கு கொடுத்தது. பின்னால் யார் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. விமானத் தளத்தைச் சுற்றி வாங்கியதால் சீனாவாக இருக்குமோ என்ற சந்தேகம்கூட வந்தது, மத்திய அரசு விசாரித்தது. 2023 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் உண்மையை வெளியே கொண்டுவந்தது. பணம் போட்டவர்கள் சிலிக்கான் வேலியின் பெரிய கைகள்: மைக்கேல் மோரிட்ஸ், ரீட் ஹாஃப்மன், மார்க் ஆண்ட்ரீசன், லாரீன் பவல் ஜாப்ஸ். முன்னால் நிற்பவர் கோல்ட்மன் சாக்ஸில் வேலை பார்த்த யான் ஸ்ராமெக். திட்டத்தின் பெயர் கலிஃபோர்னியா ஃபாரெவர். வாங்கியது 50,000 ஏக்கருக்கு மேல், செலவழித்தது 80 கோடி டாலருக்கு மேல். சான் ஃபிரான்சிஸ்கோ நகரமே சுமார் 30,000 ஏக்கர்தான். இங்கே காலப்போக்கில் 4,00,000 பேர் வரை வாழும் ஒரு நகரம் எழும்பும் என்றார்கள்.

ரகசியமாக வாங்கியது தப்பா? நேரடியாகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. சந்தையில் "வீட்டுல கல்யாணம், எனக்கு அம்பது கிலோ கத்திரிக்காய் வேணும்" என்று அறிவித்துவிட்டா பேரம் பேசுவோம்? சொல்லியிருந்தால் விலை எகிறியிருக்கும். விற்றவர்கள் யாரையும் கட்டிப்போட்டுக் கையெழுத்து வாங்கவில்லை. ஆனாலும் ஏதோ உறுத்துகிறது. விற்றவர் ஒரு வயலை விற்றார். வாங்கியவர் ஒரு நகரத்தை வாங்கினார். நல்ல விலை வருகிறதே என்று விற்றவர், பக்கத்துத் தோட்டக்காரருக்கு இதனால் என்ன ஆகும் என்று யோசிக்கவே அவருக்கு வாய்ப்பு தரப்படவில்லை. யோசித்துவிட்டு அப்புறமும் விற்றிருக்கலாம். அது அவர் முடிவாக இருந்திருக்கும்.

இதில் ஒரு முரண் உண்டு. 2023 மே மாதம் அதே நிறுவனம், விற்க மறுத்த நில உரிமையாளர்கள் சிலர் மீது 51 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. அவர்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு விலையை ஏற்றினார்கள் என்பது குற்றச்சாட்டு. சிலர் சமரசம் செய்துகொண்டார்கள். சட்டப்படி எப்படியோ, எனக்கு இது விசித்திரமாகப் பட்டது. வாங்குகிறவர் ஐந்து வருஷம் வாயே திறக்காமல் இருந்தால் வியாபார சாமர்த்தியம். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற ரெண்டு பேர் பேசிக்கிட்டா சதியா?

சரி, அவர்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு உண்டா என்றும் பார்க்கணும். நான் இங்கே படிக்க வந்த பணத்தில் பாதி, அப்பா இரண்டு ஏக்கர் நஞ்சையை மனைப் பிரிவுக்கு விற்றதில் வந்தது. மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் நட்டார்கள், மண் அடித்து மேடாக்கினார்கள், வாய்க்கால் மூடிப்போனது. கீழ்மடையில் இருந்தவருக்கு அதற்குப் பிறகு தண்ணீர் சரியாகப் போகவில்லை. போன மாதம் போனில் கேட்டேன், "விக்கறதுக்கு முன்னாடி ஊர்ல யார்கிட்டயாவது கேட்டீங்களாப்பா?" அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நம்ம நிலத்தை நாம விக்க யார்ட்டடா கேக்கணும்?"

அமெரிக்கச் சட்டம் அப்பாவின் கேள்விக்கு ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு பதில் சொல்லியிருக்கிறது. ஒஹாயோவில் யூக்ளிட் என்ற ஊர், எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று விதி போட்டது. ஆம்ப்ளர் என்ற ரியல் எஸ்டேட் நிறுவனம் எதிர்த்துப் போனது. 1926-இல் உச்ச நீதிமன்றம் ஊர் பக்கம் நின்றது. நிலம் உன்னுடையது, அதை என்னவாக மாற்றலாம் என்பது உன்னுடையது மட்டும் இல்லை. விற்கலாம், வாங்கலாம், ஆடு மேய்க்கலாம். ஆனால் கிணற்று நீர், சாலை நெரிசல், பள்ளிக்கூடம், தீயணைப்பு வண்டி வந்து சேர ஆகும் நேரம், இதெல்லாம் பட்டாவில் அடங்காது. அனுமதி கேட்பது என்பது பட்டாவுக்கு வெளியே இருக்கும் இந்தச் சமாச்சாரங்களுக்குச் சொந்தக்காரர்களிடம் போய் நிற்பது. கீழ்மடைக்காரரிடம் போய் நிற்பது.

சொலானோ இன்னும் ஒரு படி மேலே போனது. நகர எல்லைகளுக்கு வெளியே இருக்கும் விவசாய நிலத்தைக் கண்டபடி மாற்றக்கூடாது, மாற்றணும்னா மக்கள் ஓட்டுப் போடணும் என்று 1984-இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். 1994-இலும் 2008-இலும் அதை நீட்டித்தார்கள். 2028 வரை உண்டு. மேற்பார்வையாளர்கள் மன்றத்தைச் சரிக்கட்டினால் போதாது, ஊரையே கேட்கணும். கடை வாசலில் அந்தப் பெண் நின்றதற்குக் காரணம் இதுதான். தேவையான 13,000-க்கு மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்துவிட்டன. நவம்பரில் ஓட்டு என்றார்கள். ஜூலையில் நிறுவனமே பின்வாங்கியது. முதலில் சுற்றுச்சூழல் அறிக்கை தயாரிக்கிறோம், வழக்கமான வழியில் வருகிறோம் என்றது.

பின்வாங்கிய செய்தியைக் கேட்டு எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அடுத்த நிமிஷமே ஒரு எரிச்சலும் வந்தது. ஏனென்றால், இந்தப் பகுதியில் வீடு வாங்குவது என் சம்பளத்துக்குக் கனவு. என்னைவிடக் குறைவாகச் சம்பாதிப்பவர்கள் எத்தனையோ பேர் விடிவதற்கு முன் 80-ஆம் எண் நெடுஞ்சாலையில் கார்க்கினெஸ் பாலத்தை நோக்கி வரிசையில் நிற்கிறார்கள். ஏற்கெனவே வீடு வைத்திருப்பவர்கள் ஒன்றுகூடி 'புது வீடு வேண்டாம்' என்று ஓட்டுப் போட்டால் அது ஜனநாயகமா, உள்ளே ஏறினவங்க ரயில் கதவைச் சாத்திக்கிறதா? 'திறந்தவெளி', 'கிராமத்து அமைதி' என்ற சொற்களின் பின்னால் தன் வீட்டு விலை குறையக்கூடாது என்ற எண்ணமும் இருக்கும். எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு. கலிஃபோர்னியாவின் வீட்டுப் பஞ்சத்தில் பெரும்பங்கு இப்படி ஒவ்வொரு ஊரும் மிக நியாயமான காரணங்களோடு கதவைச் சாத்தியதால் வந்ததுதான்.

அப்படியானால் இன்னும் வந்து சேராதவனுக்காக யார் பேசுவது? இப்போதைக்கு நிறுவனம் பேசுகிறது. "உங்கள் பிள்ளைகளுக்கு வீடு வேண்டாமா?" என்று விளம்பரம் கேட்கிறது. என் சார்பாகப் பேசுகிறவரேதான் எனக்கு வீடும் விற்கப் போகிறார். எதிர்ப்பக்கத்திலும் இதே கதை. அங்கே பேச முடியாதவற்றுக்காகப் பேசுகிறார்கள்.

'சும்மா கிடக்கிற நிலம்' என்றேனே. ஒருமுறை ஜெப்சன் புல்வெளிக்குப் போனேன், அந்தப் பக்கத்திலேயே பாதுகாக்கப்பட்ட இடம். குளிர்கால மழையில் களிமண் பள்ளங்களில் தண்ணீர் தேங்கும். வசந்தத்தில் அது வற்ற வற்ற, கரையோரம் வளையம் வளையமாகப் பூ பூக்கும். கோடையில் ஒன்றுமே தெரியாது, வெறும் வெடித்த தரை. அந்தத் தரையில் அடுத்த மழைக்காகச் சிற்றிறால்களின் முட்டைகள் காத்திருக்கும். புலிவரிச் சாலமாண்டர் அணில் தோண்டிய வளைகளில் கோடையைக் கழிக்கும். ஆடு மேய்ந்து வெளிநாட்டுப் புல்லைக் குறைப்பதும் இந்தப் பூக்களுக்கு உதவுகிறது. வருஷத்தில் சில வாரங்கள் மட்டும் முகம் காட்டும் நிலம் இது. நான் கோடையில் பார்த்துவிட்டுச் 'சும்மா' என்றேன்.

ஆளில்லாத நிலம் என்ற சொல்லுக்கு இங்கே பழைய வரலாறும் இருக்கிறது. பாட்வின் மக்கள் வாழ்ந்த மண் இது. கவுண்டியின் பெயரே அவர்களுடைய தலைவர் ஒருவருக்கு ஞானஸ்நானத்தில் வைக்கப்பட்ட பெயர். மெக்சிகோ ஆளுநர்கள் ராஞ்சோ ராஞ்சோவாக எழுதிக்கொடுத்தபோது அந்த மக்களிடம் எந்தக் கடை வாசலிலும் யாரும் கையெழுத்து கேட்கவில்லை. இன்று பாரம்பரியம் பேசும் பண்ணைக்காரர்களின் பத்திரமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. இன்றைய கலிஃபோர்னியச் சட்டத்திலும் ஒரு நுணுக்கம்: ஒரு நிலப்பரப்பை நகரத்தோடு இணைக்கும்போது, அங்கே பதிவுபெற்ற வாக்காளர்கள் 12 பேருக்குக் குறைவாக இருந்தால் அது 'குடியில்லாத' பகுதி. ஆட்சேபிக்கும் உரிமை நிலத்தின் சொந்தக்காரர்களுக்குப் போய்விடும். பதினொரு பேர் இருந்தால் யாரும் இல்லை என்று அர்த்தம்!

இணைப்பு என்ற பேச்சு சும்மா வரவில்லை. 2025-இல் சுசூன் நகரம் தன் எல்லையை விரிவாக்குவது பற்றி ஆராயத் தொடங்கியது. வருமானம் போதாத சின்ன ஊர், 29,000 பேர்தான். இந்த நிலம் அதன் எல்லைக்குள் வந்துவிட்டால் 1984 விதிப்படி கவுண்டி முழுக்க ஓட்டெடுப்பு வேண்டியதில்லை. முன்வாசல் திறக்காதபோது பக்கத்து வாசல். அந்த வாசலிலும் ஆணையம், விசாரணை, அறிக்கை எல்லாம் உண்டு. ஆனால் பதில் சொல்லப் போவது யார் என்பது மாறிவிட்டது. பெரிய கூட்டம் 'மாட்டேன்' என்று சொல்லும்போல் இருந்தால், 'சரி' சொல்லக்கூடிய சின்னக் கூட்டத்தைத் தேடிப் போவதைச் சம்மதம் வாங்குவது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுசூன்காரர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. அவர்களுக்குச் சாலை போடக் காசு வேணும்.

ஒரு நாள் மாலை அங்கே மன்றக் கூட்டத்துக்குப் போனேன். பிரவுன் சட்டம் என்று 1953-இல் வந்த ஒன்று இருக்கிறது. அதன்படி மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் யாரும் பேசலாம். ஓட்டு இருக்கணும் என்று இல்லை, ஊர்க்காரராக இருக்கணும் என்றுகூட இல்லை. எனக்கு இந்த நாட்டில் கிடைத்த அரசியல் உரிமை அந்த மூன்று நிமிடம்தான். வாசலில் ஒரு சீட்டு கொடுத்தார்கள். பெயர், ஊர், ஆதரவா, எதிர்ப்பா, நடுநிலையா. மூன்றையும் காலியாக விட்டேன். நடுநிலை என்று போட்டிருக்கலாம். அது உண்மை இல்லை.

எனக்கு முன்னால் பேசிய தச்சர் ஒருவர் வேலை வேண்டும் என்றார். பண்ணைக்காரப் பெண்மணி பேசும்போது குரல் நடுங்கியது. பக்கத்து நிலங்கள் எல்லாம் ஒரே கைக்குப் போய்விட்டதால் தன் வேலிக்கு அப்பால் பேச ஆளே இல்லை என்றார். என் பெயரைக் கூப்பிட்டார்கள், தப்பாகத்தான். எழுதிவைத்திருந்ததைப் படிக்கவில்லை. எனக்கு இங்கே ஓட்டு கிடையாது, நீங்கள் கட்டப் போகும் வீட்டில் குடியேறக்கூடியவன் நான், எனக்கு வீடு வேண்டும், ஆனால் இந்த அம்மாவிடம் கேட்காமல் கட்டிய வீடு வேண்டாம் என்றேன். அப்பா விற்ற நிலத்தைப் பற்றியும் கீழ்மடைக்காரரைப் பற்றியும் சொல்ல நினைத்தேன். மடைக்கு ஆங்கிலத்தில் வார்த்தை வரவில்லை. திரையில் இன்னும் நாற்பது விநாடி மிச்சம் இருந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.