இணைவதற்கு முன்

திருகோணமலையின் சீனன்குடாவில் ஆங்கிலேயர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகளுள் மட்டம் வேறுபட்ட இரண்டைக் குழாயால் இணைத்தால் உயர்ந்ததிலிருந்து தாழ்ந்ததற்கு எண்ணெய் பாய்வதுபோல, ரிமோட் லொறிக்கென ஒரேயளவான இரண்டு லிதியம் பற்றரிகளைச் சிவப்பு வயரோடு சிவப்பும் கறுப்போடு கறுப்புமாகச் சமாந்தரமாய்ப் பிணைக்குங்கால், ஒன்று நிறைந்து 8.4 வோல்ற்றிலும் மற்றது வறண்டு 7 வோல்ற்றிலும் நிற்குமாயின், உள்தடை அற்பமாதலால் மின்னோட்டம் வெள்ளமெனப் புரண்டு வயரைச் சுட்டுக் கலத்தையும் ஊதிப் போகச் செய்யும். சமநிலையில் பிணைத்தாலோ அழுத்தம் ஏறாது, கொள்ளளவே இரட்டிக்கும்.

அப்படியாயின், உயிர் இறைவனோடு கூடும் ஐக்கியத்துக்கும் சமத்துவம் முன்நிபந்தனையா? மெய்கண்டார் வழிவந்த சைவசித்தாந்தம், நல்வினை தீவினை இரண்டிலும் உள்ளம் ஒத்து நிற்கும் இருவினையொப்பும் ஆணவமலம் பக்குவமடையும் மலபரிபாகமும் வாய்த்தபின்னரே, இறையருள் உயிரிற் பதியும் சத்திநிபாதம் நிகழும் என்கிறது. ஆயினும் பதியாகிய இறைவனும் பசுவாகிய உயிரும் ஒருபோதும் சமமட்டத்தினர் அல்லர். அங்கே உயர்ந்தது தாழ்ந்ததன்மீது பாய்வதற்கே அருள் என்று பெயர். எனவே, பக்குவமென்பது இறைவனுக்கு நிகராதலன்று, அப்பாய்ச்சலைப் பொறுக்கும் ஆற்றலே என்று கொள்வதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.