அட்டவணை கர்த்தாவாகுமா?

ஒரு கோயிலின் வரைபடத்தைக் கணினியில் இப்படியும் போடலாம். கருவறையின் அகலம் ஓர் எண். வாசலின் உயரம், மூலமூர்த்தியின் உயரம், பீடம், விமானத்தின் நிலைகள் எல்லாம் அந்த எண்ணோடு சூத்திரங்களால் கட்டப்பட்டவை. இன்வென்டர், சொலிட்வேர்க்ஸ் போன்ற மென்பொருள்களில் இந்த அளவுகளை எக்செல் அட்டவணையில் வைத்து வரைபடத்தோடு இணைத்துவிடலாம். இன்வென்டரில் ஐலொஜிக் கொண்டு ஒரு படிவமும் செய்துகொள்ளலாம். நாலைந்து கட்டங்கள்தான்; ஒன்றில் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த பாகங்கள் எல்லாம் பொருத்தம் கெடாமல் மாறும். படிவத்தை நிரப்புகிறவருக்குச் சிற்ப சாத்திரம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அப்படியானால் எழும்பும் கோயிலுக்குக் கர்த்தா யார்? சூத்திரம் எழுதியவரா, எண்ணைப் போட்டவரா, கணக்கை முடித்துத் தந்த அட்டவணையா? இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் ஒரு மாரியம்மன் கோயிலைத் திருப்பிக் கட்ட நினைக்கும் கமிட்டிக்கு இந்தக் கேள்வி ஏட்டோடு நிற்பதில்லை.

சைவ சித்தாந்தம் எந்தக் காரியத்துக்கும் மூன்று காரணம் சொல்லும். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், செய்யும் கர்த்தாவான குயவன் நிமித்த காரணம். சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் குடத்தின் நன்மை தீமை அதைச் சேராது. இணைக்கப்பட்ட அட்டவணையும் படிவமும் துணைக்காரணமே என்பது என் வாதம். அவை எவ்வளவு நுட்பமானாலும் நிமித்த காரணத்தின் இடத்துக்கு ஏறுவதில்லை. அவற்றைக் காட்டி மனிதர் தம் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ளவும் முடியாது.

இதற்குச் சான்று சிற்ப நூல்களிலேயே இருக்கிறது. சார்பளவு அவற்றுக்குப் புதிதல்ல. அம்மன் திருமேனிக்குரிய மத்திம தசதாளத்தில் உயரம் 120 அங்குலம். அந்த அங்குலமோ சிலையின் உயரத்தை 120ஆல் வகுத்து வருவது. சிலை பெரிதானால் அங்குலமும் பெரிதாகும். மயமதமும் மானசாரமும் கூறும் ஆயாதிக் கணக்கு இன்னும் கறாரானது. அதில் பரவலாக வழங்கும் ஒரு முறைப்படி, சுற்றளவை 8ஆல் பெருக்கி 12ஆல் வகுத்த மிச்சம் ஆயம், அதாவது வரவு; 9ஆல் பெருக்கி 10ஆல் வகுத்த மிச்சம் வியயம், அதாவது செலவு; 3ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தது யோனி; 8ஆல் பெருக்கி 27ஆல் வகுத்தது நட்சத்திரம். மிச்சமே இல்லாவிட்டால் வகுத்த எண்ணையே கொள்வார்கள். ஆயம் வியயத்தை மிஞ்ச வேண்டும். யோனி ஒற்றைப்படையாக விழ வேண்டும். 36 முழச் சுற்றளவில் ஆயம் 12, வியயம் 4. வரவு செலவு நன்றாக இருந்தும் யோனி 4, ஆகவே தள்ளுபடி. ஒரு முழம் கூட்டி 37 ஆக்கினால் ஆயம் 8, வியயம் 3, யோனி 7, நட்சத்திரம் உத்திரட்டாதி. 39 ஆக்கினால் ஆயம் 12, வியயம் 1, யோனி 5, நட்சத்திரம் சுவாதி. இரண்டும் தேறுகின்றன. எதை எடுப்பது? அட்டவணை இங்கே வாய் மூடிக்கொள்கிறது. கோயிலைக் கட்டுவிக்கும் எசமானரின் நட்சத்திரத்தோடு எது பொருந்துகிறதோ அதை எடு என்கிறது மரபு. எசமானர் யார் என்பதற்கு எக்செலில் சூத்திரம் கிடையாது.

தோட்டத்தில் எசமானர் என்ற கட்டத்தை நிரப்புவது லேசல்ல. நிலம் தொழிலாளருடையதன்று. பெருந்தோட்டங்களில் பெரும்பாலானவை 1975க்குள் அரசுடைமையாயின; 1992இல் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. ஒரு காலத்தில் பெரிய கங்காணி கோயிலில் முதல் மரியாதை பெற்றார். துரையும் திருவிழாவுக்கு வந்து மாலை வாங்கினார். ஆனால் கோயிலை நடத்தியது கொழுந்து பறித்தவர்களும் பால் வெட்டியவர்களும் கொடுத்த சந்தா. பல தோட்டங்களில் அது செக்ரோல் என்ற சம்பளப் பதிவிலேயே பிடிக்கப்பட்டது. நிலமுடையவரா, மரியாதை பெற்றவரா, சந்தா கொடுத்தவரா எசமானர் என்பது அறத்தின் கேள்வி. படிவம் செய்கிறவர் அந்தக் கட்டத்தில் நன்கொடையாளர் ஒருவரின் நட்சத்திரத்தை முன்கூட்டியே போட்டுப் பூட்டிவிட்டால், கேள்வி எழாமலே விடை தீர்மானமாகிவிடும். எந்தக் கட்டத்தைத் திறப்பது, எதைப் பூட்டுவது என்று முடிவெடுப்பவரும் கர்த்தாவே. அவர் கண்ணில் படாமல் இருக்கிறார், அவ்வளவுதான்.

ஸ்தபதியும் ஆகம விதியைத்தானே பின்பற்றுகிறார், அவருக்கு மட்டும் கர்த்தா என்ற பெயர் ஏன் என்று கேட்கலாம். விதி ஒரே விடையைத் தந்தால் அந்தக் கேள்வி நிற்கும். 37ம் 39ம் ஒருங்கே தேறியதைப் பார்த்தோம். விதி ஆகாததைக் கழிக்கிறது. ஆகுபவற்றில் ஒன்றைக் கொள்வது அறிவுடைய ஒருவரின் செயல். அதற்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலியது. ஆதியில் தோட்டத்து அம்மன் மரத்தடியில் நட்ட கல்லாகவும் சூலமாகவும் இருந்தாள். இரத்தினபுரிப் பக்கமிருந்து சிவனொளிபாதமலை ஏறும் பக்தர் எவரும் பாதச் சுவட்டுக்கு ஆயம் வியயம் கேட்பதில்லை. அளவில்லாமலே அருள் இருக்குமானால் அளவின் பொறுப்பைப் பற்றி இவ்வளவு பேச்செதற்கு? ஆகம மரபே இதற்கு இடம் வைத்திருக்கிறது. தானே தோன்றிய சுயம்பு மூர்த்திக்கு மான இலக்கணம் பார்ப்பதில்லை. மனிதர் செய்யும் மூர்த்திக்குத்தான் பார்க்க வேண்டும். தெய்வத்துக்கு அளவு தேவைப்படுகிறது என்று இதற்குப் பொருளில்லை. செய்கிறவனுக்குத் தேவைப்படுகிறது. பலருடைய காசில், பலருடைய பெயரில் செய்கிறவனுக்கு இன்னும் அதிகம் தேவைப்படுகிறது.

ஆகவே கணினியைக் கோயில் வேலையிலிருந்து விலக்க வேண்டியதில்லை; கைக்கணக்கில் வரும் பிழையை அது குறைக்கும், தேறும் அளவுகளை நொடியில் வரிசைப்படுத்தும். ஒன்று மட்டும் வேண்டும். எசமானர் என்ற கட்டம் பூட்டில்லாமல், வெறுமையாகக் கமிட்டியின் முன் வரட்டும். சந்தா கொடுத்த குடும்பங்கள் கூடி, தோட்டத்தின் பெயருக்குரிய நட்சத்திரத்தையோ தாம் ஒப்பும் வேறொன்றையோ அதில் எழுதட்டும். அதன்பின் ஓடும் கணக்கு அவர்களுடைய கணக்கு. குறை வந்தாலும் அது அவர்களுடையது, வேறெவர் தலையிலும் சுமத்தியது அன்று.