முன்பு ஓட்டியவர் சொல்லாமல் விட்டது



நாகர்கோவிலிலிருந்து தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறைக்குப் போனால், ரப்பர் பால்வெட்டு முடிகிற நேரத்தில் பழைய ஜீப்புகள் வரிசையாக எதிர்ப்படும். கீரிப்பாறைக்கு மேலே மாறாமலையின் கிராம்புத் தோட்டங்களுக்கு ஏறவேண்டும் என்றால் இன்றைக்கும் ஜீப்தான் கதி. 2021-இல் புவிசார் குறியீடு பெற்றதே கன்னியாகுமரி கிராம்பு, அது விளைகிற மலைகளில் மாறாமலை முக்கியமானது. கிராம்பு பறிக்கப் போனவர்களும் கிராம்பு மூட்டைகளும் இறங்கி வருவது இந்த வண்டிகளில்தான்.

இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் பிறந்த வில்லிஸ் ஜீப்பின் வாரிசுகள் இவை. 1945-இல் தொடங்கிய மஹிந்திரா நிறுவனம் 1940களின் கடைசியிலிருந்து அந்த ஜீப்பை இங்கே பூட்டி விற்றது, பிறகு இங்கேயே தயாரித்தது. நன்றாகச் செய்யப்பட்ட வண்டி. ஐம்பது வருடம் ஆனாலும் ஓடும். ஐம்பது வருடம் ஓடுகிற வண்டி ஐந்தாறு கைகளாவது மாறியிருக்கும். அந்தக் கைகளைப் பற்றித்தான் இன்று பேச நினைக்கிறேன்.

அப்படிப்பட்ட ஜீப் ஒன்றை நானும் வாங்கினேன். பெயின்ட் பளபளவென்று இருந்தது. மழையில் வைப்பரைப் போட்டால் ஹெட்லைட் மங்கியது. டாஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே எல்லாமே சிவப்பு வயர். எது விளக்குக்கு, எது ஹாரனுக்கு என்று பிரித்தறிய வழியில்லை. இரண்டு முனைகளை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள், டேப் சூட்டில் இளகிப் பிசினாகியிருந்தது. பியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு செம்புக் கம்பி. மின்சாரம் அளவு மீறினால் தான் உருகி மற்றதைக் காப்பாற்றுவதுதான் பியூஸின் வேலை. அதை உருகவிடாமல் செய்தால் அடுத்து எரிவது வயர், அதற்கடுத்து வண்டி.

மிதியடியைத் தூக்கினால், துருப்பிடித்த தரையின் மேல் தகரத் துண்டு, அதன்மேல் பட்டி, அதன்மேல் பெயின்ட். தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது, போதாததற்குக் கடல்காற்றின் உப்பும் உண்டு. பட்டிக்குள் புகுந்த ஈரம் வெளியே வருவதில்லை. மேலே பளபளப்பு இருக்க, அடியில் இரும்பு உதிர்ந்துகொண்டே போகும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு மனசு ஆறாதது மரை விஷயம். அந்தக் கால ஜீப்பின் போல்ட்டெல்லாம் அங்குல அளவு. 5/16 அங்குலம் என்றால் 7.94 மில்லிமீட்டர். கடையில் இன்று சுலபமாகக் கிடைப்பது 8 மில்லிமீட்டர் போல்ட். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் பழைய பொடிமரை போல்ட்டில் ஓர் அங்குலத்துக்கு 24 மரை, புதியதில் ஏறக்குறைய 20. கையால் ஒன்றிரண்டு சுற்று ஏறும், பிறகு பிடித்துக்கொள்ளும். வேலை தெரிந்தவர் அந்த இடத்தில் நிறுத்திவிடுவார். என் ஜீப்பில் முன்பு வேலை பார்த்தவர் ஸ்பானரை மாட்டி, மூச்சைப் பிடித்து முறுக்கியிருக்கிறார். போல்ட் ஏறிவிட்டது. இன்ஜின் பிளாக்கில் இருந்த உள்மரை அழிந்துவிட்டது. சில்லறைக் காசு போல்ட்டுக்காக ஒரு பிளாக்கைப் புண்ணாக்க ஒருவருக்கு எப்படி மனசு வந்தது?

கடைசியாகத்தான் நானும் மெக்கானிக்கும் பிரேக்கைப் பார்த்தோம். பின்பக்கம் இடது சக்கரத்துக்குப் போகிற பிரேக் பைப்பை வெட்டி, முனையை மடக்கி, சுத்தியலால் தட்டி அடைத்திருந்தார்கள். அந்தச் சக்கரத்தின் சிலிண்டர் ஒழுகியிருக்கிறது. சிலிண்டரை மாற்றாமல் சக்கரத்தையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். மீதி மூன்று சக்கரங்களிலும் வேறொரு கொடுமை. பிரேக் ஆயில் குறைந்தபோது யாரோ இன்ஜின் ஆயிலை ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள்.

கீரிப்பாறைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ரப்பர் பாலை உறையவைத்து ஷீட் அடிக்கிறவர்களுக்கு, அந்த ஷீட்டில் மண்ணெண்ணெயோ டீசலோ பட்டால் ஊறிப் பிசுபிசுத்துப்போகும் என்று தெரியும். பிரேக்குக்கென்று உள்ள திரவம் பெட்ரோலிய எண்ணெய் வகையே இல்லை, உள்ளிருக்கும் ரப்பர் கப்புகளை அது கெடுக்காது. இன்ஜின் ஆயில் பட்டால் அதே கப்புகள் ஊதிப் பெருத்துவிடும். முதலில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டு சூடாகும். பிறகு கப் கிழியும், மிதித்தால் பெடல் தரைவரை போகும். பழைய ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் லைன்தான். ஓரிடத்தில் விட்டால் எல்லாமே போயிற்று. மாறாமலையிலிருந்து மூட்டையோடும் ஆளோடும் இறங்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று அந்த வளைவுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எனக்கு வந்த கோபத்தில் முன்பு வைத்திருந்தவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். வேலை பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: “பைப்பை அடச்சது தப்புண்ணு நான் சொல்லமாட்டேன் அண்ணாச்சி. மலையில நடுவழியில நிக்கும்போ ஆருக்கும் அதுதான் வழி. அடச்சிட்டு, ஒரு வார்த்த சொல்லாம வித்தானே, அதாக்கும் தப்பு.”

அவர் சொன்னதை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். மலைப்பாதையில் கையில் கிடைத்ததை வைத்து வண்டியைக் கீழே கொண்டுவந்து சேர்ப்பது பெரிய திறமை. அந்தத் திறமை இல்லாவிட்டால் இந்த மலைகளில் ஒரு வண்டி ஓடாது. கையில் காசில்லாமல் இருந்திருக்கலாம். பழைய வண்டிக்குச் சாமான் கிடைக்காமல் அலைந்திருக்கலாம். அவசரத்துக்குச் செய்தது அவசரத்துக்கு உதவியது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஊருக்கு வந்த பிறகும் அதை அப்படியே விட்டு, மேலே பெயின்ட் அடித்து, நல்ல விலைக்குக் கைமாற்றியபோது அது வேறொன்றாகிவிட்டது. பைப்பை அடைத்தவருக்குத் தன் வண்டியில் ஒரு சக்கரத்துக்கு பிரேக் இல்லை என்று தெரியும், அதற்கேற்றபடி அவர் மெதுவாக இறங்கியிருப்பார். அடுத்து ஓட்டுகிறவருக்கு அது தெரியாது.

விமானத்தில் ஒரு சின்னக் கோளாறைச் சரிசெய்தாலும், என்ன கோளாறு, என்ன செய்யப்பட்டது என்று பதிவேட்டில் எழுதி, பொறுப்பானவர் கையெழுத்துப் போடவேண்டும். அடுத்த விமானி அதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். ஜீப்புக்கு அத்தனை பெரிய ஏற்பாடு வேண்டாம். வண்டி கைமாறும்போது 29, 30 என்று இரண்டு படிவங்களில் கையெழுத்துப் போடுகிறோம். இன்ஜின் எண், சேஸிஸ் எண், விற்றவர், வாங்கியவர் எல்லாம் அதில் வரும். வண்டியில் பார்த்த வேலையை எழுத அதில் இடமில்லை.

இந்த வாரம் வண்டி விற்கப் போகிறவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பைப் அடைத்திருக்கிறது, எந்த வயர் தற்காலிகமாக முறுக்கியது, எந்த போல்ட் அளவு மாறியது என்று எழுதி, ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்துக் கொடுங்கள். விலையில் ஆயிரம் இரண்டாயிரம் குறையத்தான் செய்யும். வாங்குகிறவர் அந்தத் தாளோடு நேரே ஒர்க்‌ஷாப்புக்குப் போவார், ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து இறங்குவது அதற்கப்புறம்தான்.